மேனேஜருக்கு முப்பது நாள் கெடு

மேனேஜர் லிஃப்டுக்குள் வைத்து செகரட்டரியின் பேண்ட்டைக் கிழித்துவிட்டது என்ற செய்தி, அரை மணி நேரத்தில் எட்டு மாடிக்கும் ஏறி இறங்கிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள், "எந்த மேனேஜர்? படிச்சவர்தானே?" என்று பதறினார்கள். பழைய ஆட்கள், "இவ்வளவு நாள் கிழிக்காம இருந்ததே பெரிசு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மேனேஜர் என்பது நாலாவது மாடி பிரஸ்காரர் வீட்டு நாயின் பெயர். செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்து கிடக்கும். பிரஸ்காரர், மருந்துக்கு அட்டைப்பெட்டி அடிக்கும் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். அங்கே இருபத்திரண்டு வருஷமாக ஒரு மேனேஜர் அவரை நில் என்றால் நிற்கவும் வா என்றால் வரவும் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தாலாவது ஒரு மேனேஜரைப் பார்த்து "உட்காருடா" என்று சொல்லலாமே என்ற அற்ப ஆசையில் வைத்த பெயர் அது. நாய் உட்கார்ந்ததா என்று கேட்காதீர்கள். அங்கேயும் இவர்தான் நின்றார், இங்கேயும் இவர்தான் நின்றார்.

வெளியே கூட்டிக்கொண்டு போனால் மேனேஜருக்கு எல்லாமே எதிரி. சைக்கிள், குடை, முதுகுப் பை, தலையில் தொப்பி, இன்னொரு நாய், அந்த நாயின் நிழல் என்று எதையும் விடாது. அன்றைக்கு லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று, செகரட்டரி நனைந்த குடையோடு உள்ளே ஏறினார். ஏறினவர் குடையை உதறினார். அவ்வளவுதான் நடந்தது. கீழே வந்து கதவு திறந்தபோது பேண்ட்டின் ஒரு கால் முழங்கால் வரைதான் இருந்தது. மிச்சம் மேனேஜரின் வாயில் இருந்தது.

மறுநாளே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. முப்பது நாள் கெடு. முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு செகரட்டரியும் பொருளாளரும் வீட்டுக்கு நேரில் வந்து பார்ப்பார்கள். ஆட்கள் உள்ளே வந்தால் நாய் அமைதியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாய் இந்தக் கட்டடத்தில் இருக்க முடியாது.

பிரஸ்காரரின் மனைவி பி.டி. டீச்சர். கடிதத்தை நின்றுகொண்டே படித்தாள், மடித்தாள், கணவன் கையில் திணித்தாள். பிறகு சொன்னாள்:

"கேட்டுக்குங்க. இந்த நாய் போற அன்னிக்கு நானும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்க ஸ்கூல்ல எனக்கு வேலை ரெடியா இருக்கு. சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள நுழையறப்ப எந்திரிச்சு வாசலுக்கு வர்ற ஒரே ஜீவன் இதுதான். இதுவும் இல்லைன்னா இங்க எனக்கு என்ன இருக்கு?"

கத்தித்தான் சொன்னாள். ஆனால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஏனென்றால், குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்பதையும் அவள் கத்தித்தான் கேட்பாள். பள்ளிக்கூட மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளையின் கால் முட்டியைத் திருத்துகிற தொண்டை அது. ஒருமுறை விசில் தொலைந்துபோய் ஒரு வாரம் வெறும் வாயால் விளையாட்டுப் பாடம் நடத்தினாள், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிரஸ்காரர் மட்டும் என்ன சளைத்தவரா? அட்டை வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்று "தண்ணி குடுப்பா" என்று கேட்பதற்கே நரம்பு புடைக்கக் கத்தவேண்டும். அந்தக் குரலைக் கழற்றி அச்சகத்தில் மாட்டிவிட்டு வரவா முடியும்? அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இரண்டு பேரும் பேசினால் அக்கம்பக்கத்தில் சண்டை என்பார்கள். சண்டை போட்டால் ஜன்னலைச் சாத்துவார்கள். ஐந்தே நிமிஷம்தான். அப்புறம் ஒரே தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு டி.வி. பார்ப்பார்கள்.

அதனால்தான் பிரஸ்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் சொன்னது கோபமா, நிஜமா? கேட்டுவிடலாம். கேட்டு, "நிஜம்தான்" என்று சொல்லிவிட்டால்? கேட்காமல் இருப்பதே உத்தமம் என்று முடிவு செய்து, நாயைத் திருத்துகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அச்சகம் முழுக்க விசாரித்தார்.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் பஞ்சு மாஸ்டர். முப்பது வயது இருக்கலாம். இடுப்பில் ஒரு பை, பை நிறைய வேகவைத்த ஈரல் துண்டுகள். குரல் பஞ்சு மாதிரி. அவர் பேசினால் இவர்கள் இரண்டு பேரும் முன்னால் சாய்ந்து காதைக் கொடுக்கவேண்டியிருந்தது.

உள்ளே வந்தவர் நாயைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டு, ஒரு துண்டு ஈரலைத் தரையில் போட்டார். மேனேஜர் குரைத்தது. இன்னொரு துண்டு. குரைப்பில் கொஞ்சம் சுருதி இறங்கியது. ஆறாவது துண்டுக்கு அது அவர் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது. பிரஸ்காரர் வாயைப் பிளந்தார்.

"இது கோவக்கார நாய் இல்லைங்க. பயந்தாங்கொள்ளி" என்றார் மாஸ்டர். "பயத்துல முந்திக்கிட்டு கத்துது. நீ என்கிட்ட வர்றதுக்குள்ள நான் உன்னை விரட்டிடறேன்னு."

"எங்க ஸ்கூல்லயும் அப்படி நாலு பேரு இருக்காங்க" என்றாள் டீச்சர்.

அன்று மூவரும் நாயோடு தெருவில் இறங்கினார்கள். எதிரே குடை பிடித்த ஒருவர் வந்ததுமே பிரஸ்காரர் பழக்கதோஷத்தில் கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றி இழுத்துப் பிடித்தார். மாஸ்டர் அவர் மணிக்கட்டைத் தட்டினார்.

"கயிறு விறைச்சா நாயும் விறைக்கும். தொளதொளன்னு விடுங்க. எதிர்ல ஆள் வந்தா நேரா போய் மோதாதீங்க, வளைஞ்சு தள்ளிப் போங்க. எவ்வளவு தூரத்துல அது ஆளைப் பார்த்தும் கத்தாம இருக்குதோ, அந்தத் தூரம்தான் இப்போதைக்கு உங்களுக்கு எல்லைக்கோடு. ஆளைப் பார்த்துச்சா, உடனே ஒரு துண்டு. கத்தறதுக்கு முன்னாடி. கத்தின பிறகு குடுத்தா, கத்தினதுக்குக் கூலி குடுத்த மாதிரி ஆயிடும்."

"பாராட்டணுமா?"

"சபாஷ்னு ஒரு வார்த்தை போதும். சாதாரணமா சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து ஹாலின் மூலையில் ஒரு சின்ன மெத்தையைப் போட்டார். வாசல் மணி அடித்தால் மெத்தை, மெத்தைக்குப் போனால் ஈரல். பயம் வரும்போது நாய் என்ன செய்யும் என்று சொல்லிக்கொடுத்தார். உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், வால் விறைத்துக்கொள்ளும். டீச்சர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது மாஸ்டர் வாசலில் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சத்தமாப் பேசறீங்க."

"நாங்களா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"இந்த முப்பது நாளைக்கு மட்டும் வீட்டுக்குள்ள குரல் உயரவேண்டாம். பேசறதையெல்லாம் குழந்தையைக் கொஞ்சற மாதிரி பேசுங்க. வீடே குளுகுளுன்னு இருக்கும், நாயும் அடங்கிடும்."

பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சொல்கிற ஆட்கள் யார் என்று பார்த்துச் சொல்லியிருக்கவேண்டும். இவர்கள் இருவரும் விதி என்றால் எழுத்துப் பிசகாமல் நடக்கிறவர்கள். ஒருத்தர் அரை மில்லிமீட்டர் தப்பினால் ஆயிரம் அட்டையைக் குப்பையில் போடுகிற தொழில். இன்னொருத்தி கோட்டில் கால் பட்டால் பிள்ளையை வெளியே உட்காரவைக்கிற தொழில். கொஞ்சவேண்டும் என்றார், கொஞ்சினார்கள். ஆனால் சண்டையை நிறுத்தவேண்டும் என்று அவர் சொல்லவே இல்லையே!

முதல் சண்டை மூன்றாம் நாள் வந்தது. ஈரத்துண்டு கட்டிலின் மேல் கிடந்தது. டீச்சர் வாயைத் திறந்தாள், விதி ஞாபகம் வந்தது. மூச்சை உள்ளே இழுத்து, குரலைத் தேனில் முக்கி எடுத்தாள்.

"என் செல்லம், ஈரத்துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவைம்மா சொல்றது? மூளைன்னு ஒண்ணு இருக்குதா ராஜா?"

பிரஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார்.

"இருந்துது கண்ணு. உன்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்குக் கழட்டி வச்சேன். எங்க வச்சேன்னுதான் தெரியல, தங்கம்."

"உங்க அம்மா வீட்ல தேடிப் பாருங்க, பட்டு. அங்கயும் இருந்திருக்காது."

"எங்க அம்மாவை இழுக்காதடா செல்லம். உங்க அப்பாவைப் பத்தி நான் வாயைத் திறந்தா நாறிடும், என் மயிலே."

இப்படி ஒரு மணி நேரம் ஓடியது. முகத்தில் சிரிப்பு, நாக்கில் தேன், கை மட்டும் நாற்காலியின் முதுகை நொறுக்கிவிடுவதுபோலப் பிடித்திருந்தது. கத்தினால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோகிற விஷயம், கொஞ்சினால் தீரவே மாட்டேன் என்றது. கொதிக்கிற பாத்திரத்தைத் தட்டுப்போட்டு மூடின மாதிரி உள்ளேயே கொதித்தது. காலையில் ஆரம்பித்த சண்டை சாயங்காலம் "வந்துட்டீங்களா தங்கம்?" என்று வாசலிலேயே தொடர்ந்தது.

மெத்தையில் படுத்திருந்த மேனேஜர் ஒரு "செல்லம்" கேட்டால் தலையைத் தூக்கும். ஒரு "தங்கம்" கேட்டால் உதட்டை நக்கும்.

"பாருங்க கண்ணு, ஈரலுக்கு ஏங்குது" என்பாள் டீச்சர், ஒரு துண்டைத் தூக்கிப்போட்டு. நோட்டில் தன் கையாலேயே எழுதிவைத்ததை அவள் ஒரு தடவை புரட்டியிருக்கலாம். அவளுக்கு அப்போது கணவனுக்கு அடுத்த பதிலை யோசிக்கவே நேரம் போதவில்லை. "ராஜா" வரும்போது நாய் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். அமைதியாகிவிட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டார்கள்.

வெளியே நிலைமை வேறு. அங்கே பிரஸ்காரர் உண்மையாகவே உழைத்தார். காலை ஐந்தரைக்கு ஒருதரம், வேலை முடிந்து வந்து ஒருதரம். சட்டைப் பையில் ஈரல். அச்சகத்தில் அவர் பக்கத்தில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்தினார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. முதல் வாரம் குடை தெரிந்தால் இவர் தெருவைக் கடந்து அடுத்த பக்கம் போனார். இரண்டாவது வாரம் பத்தடி தள்ளி வளைந்தார். சைக்கிள் வந்தது, பார்த்தது, துண்டு, சபாஷ். நாய் வந்தது, பார்த்தது, துண்டு, சபாஷ். ஒரு நாள் மேனேஜர் குடையைப் பார்த்ததும் குரைப்பதற்குப் பதில் திரும்பி இவர் சட்டைப் பையைப் பார்த்தது. அன்றைக்கு நடுத்தெருவில் அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு நாய் தன்னைத் திரும்பிப் பார்த்ததற்கா அழுவது என்று வெட்கப்பட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு நடந்தார்.

டீச்சர் சில நாள் ஜன்னலில் நின்று பார்ப்பாள். மேலே வந்ததும், "இன்னிக்குக் கயிறு விறைச்சுது, பார்த்தேன் செல்லம்" என்பாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அக்கா வீடு ஞாபகத்துக்கு வரும். "சரிடா கண்ணு" என்பார். போவாளா, மாட்டாளா? மணிக்கணக்கில் கொஞ்சுகிறாள், ஒரு கொஞ்சலிலிருந்தும் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லையே! முன்பு அவள் கத்தினால் எதற்குக் கத்துகிறாள் என்றாவது புரியும். இப்போது அந்தச் சர்க்கரைக் குரலைக் கேட்டாலே அவருக்கும் முதுகுத்தண்டு சில்லிட்டது.

இருபத்தைந்தாம் நாள் பூங்கா வாசலில் ஒன்று நடந்தது. ஒரு பெண் தள்ளுவண்டியிலிருந்த குழந்தையிடம் குனிந்து, "என் தங்கமே, என் பட்டுக்குட்டியே" என்றாள். மேனேஜருக்கு முதுகு மயிர் முழுக்க நட்டுக்கொண்டது. பல்லைக் காட்டி உறுமியது. பிரஸ்காரர் இருபதடி தள்ளி இழுத்துக்கொண்டு வந்து, பஞ்சு மாஸ்டருக்குப் போன் போட்டார். மாஸ்டர் மூன்று தடவை வீட்டுக்கு வந்ததோடு சரி, அப்புறம் வேறு ஊரில் வேலை, எல்லாம் போனில்தான்.

"குழந்தையைப் பார்த்துப் பயந்திருக்கும்" என்றார் மாஸ்டர். "வீட்ல எப்படி? சத்தம் போடறதில்லையே?"

"சத்தமா? நாங்க கொஞ்சிக்கிட்டேதான் இருக்கோம் மாஸ்டர்."

"அப்ப ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கே நாயை நன்றாக நடத்திக் கூட்டிவந்து, மோப்பம் பிடிக்கவிட்டு, தண்ணீர் காட்டி, மெத்தையில் படுக்கவைத்தாகிவிட்டது. டீச்சர் மூன்று தடவை தரையைத் துடைத்தாள். பிரஸ்காரர் பீரோவின் மேல் பார்த்தார். அங்கே எப்போதும் இருக்கும் பெரிய பெட்டி இல்லை. கீழே, கட்டிலோரமாக, தூசி தட்டித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பெட்டி எப்போது இறங்கியது, எதற்கு இறங்கியது? கேட்கப் போனார். சரியாகப் பத்துக்கு வாசல் மணி அடித்துவிட்டது.

மேனேஜர் எழுந்தது. வாசலைப் பார்த்தது. பிறகு தானாகவே திரும்பி மெத்தைக்குப் போய் உட்கார்ந்தது. சபாஷ், துண்டு. செகரட்டரி கையில் குடையோடும் ஒரு காகிதத்தோடும் உள்ளே வந்தார். முன்னெச்சரிக்கையாக அரைக்கால் சட்டை போட்டிருந்தார். சோபாவில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். வேண்டுமென்றே குடையை விரித்தும் பார்த்தார். மேனேஜர் பிரஸ்காரரின் சட்டைப் பையைப் பார்த்தது.

"பரவாயில்லையே!" என்றார் செகரட்டரி. காகிதத்தில் ஏதோ எழுதினார். பிரஸ்காரருக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் பொருளாளர் அம்மா படியேறி வந்து சேர்ந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவப்போகிறோம், குழாயை மூடுங்கள் என்று சொல்வதைக்கூடத் தாலாட்டு மாதிரிச் சொல்கிறவர் அவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாயைப் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் நீட்டினார்.

"அடடா, யாரு இது? என் செல்லமா? என் தங்கமா? இந்தப் பட்டுக்குட்டியையா எல்லாரும் திட்டறாங்க?"

மெத்தை ஒரு பக்கம், மேனேஜர் ஒரு பக்கம். ஹாலே அதிர்ந்தது. அந்த அம்மா பின்வாங்கவில்லை. "ஏன்டா கண்ணு? பயமா ராஜா?" என்று இன்னும் குழைந்தார். நாய் அவருடைய கைப்பையின் வாரைக் கவ்விக்கொண்டு பின்னால் சாய்ந்தது. செகரட்டரி சோபாவின் மேல் ஏறி நின்றார்.

பிரஸ்காரருக்கு விதியை மீறக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. "விடுடா என் செல்லம், விடுடா தங்கம்" என்று குழைந்தார். நாய் வாரை உதறியது. டீச்சர் தன் பங்குக்கு, "வேண்டாம்டா பட்டு, அம்மா சொல்றேன்ல மயிலு" என்று சேர்ந்துகொண்டாள். மூன்று திசையிலிருந்தும் தேன் கொட்டக் கொட்ட, நாய்க்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

"போதும், பார்த்தாச்சு" என்று சோபாவின் மேலிருந்து செகரட்டரி காகிதத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். "நாயை வேற இடம் பார்த்து அனுப்பிடுங்க."

அந்தக் கோட்டைப் பார்த்ததும் டீச்சருக்குள் முப்பது நாளாகப் போட்டிருந்த மூடி பறந்துவிட்டது. கணவன் பக்கம் திரும்பினாள். மைதானத்துக் குரல் வெளியே வந்தது.

"எல்லாம் உங்களாலதான்யா! ஈரல் துண்டை இன்னும் கொஞ்சம் முன்னாடி குடுக்கணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்ல!"

"என்னாலயா?" பிரஸ்காரர் குரல் மெஷினைத் தாண்டி எழும்பியது. "காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சவன் நான்! ஊரே மூக்கைப் பொத்துது என்னைப் பார்த்து! நீ ஜன்னல்ல நின்னு நொட்டை சொன்னதைத் தவிர என்னடி பண்ணுன?"

"நொட்டையா? நோட்டு போட்டு எழுதினது யாரு? ஈரல் வேகவச்சு வேகவச்சு இந்த வீடே கசாப்புக்கடை மாதிரி நாறுது, தெரியுமா?"

"ஈரத்துண்டுக்கு ஒரு மணி நேரம் எங்க அம்மாவை வாங்கு வாங்குன்னு வாங்குனியே, அதுக்கு என்ன சொல்ற?"

"அதைக் கட்டில்ல போட்டது யாரு?"

இவர்கள் பார்க்கவில்லை. மேலே நின்ற செகரட்டரி பார்த்தார், கைப்பையோடு நின்ற பொருளாளர் அம்மா பார்த்தார். முதல் கத்தலிலேயே நாய் வாரை விட்டுவிட்டது. இரண்டாவது கத்தலில் முதுகு மயிர் படிந்தது. மூன்றாவதில் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, கோணிக்கிடந்த மெத்தையைக் காலால் பிறாண்டிச் சரிசெய்துகொண்டு படுத்துவிட்டது. ஏதோ ஊருக்குப் போயிருந்த ஆட்கள் வீடு திரும்பிவிட்டார்கள் என்பதுபோல நீளமாக ஒரு பெருமூச்சு வேறு.

பிரஸ்காரருக்கு நாய் போனது போனதுதான் என்றாகிவிட்டது. இனி கேட்க என்ன பயம்?

"பெட்டியை எதுக்குடி இறக்கின?" என்று கத்தினார். "அக்கா வீட்டுக்குப் போறேன்னு அன்னிக்குச் சொன்னியே, கோவத்துல சொன்னியா, நெஜமாச் சொன்னியா? முப்பது நாளா தூங்கலடி நான்! மெஷின்ல அட்டை கோணலாப் போறதுகூடத் தெரியாம நிக்கறேன்!"

"நெஜமாத்தான்யா சொன்னேன்!"

பிரஸ்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நெஜம்!" என்றாள் டீச்சர், அதே உச்சத்தில். "மறுநாளே பெட்டியை இறக்கித் தொடச்சும் வச்சேன். உங்களுக்கு அது கண்ணுல படறதுக்கு ஒரு மாசம் ஆச்சு! அப்புறம் ஜன்னல் வழியாப் பார்த்தேன். குடை வந்தா அந்த ஓரம், சைக்கிள் வந்தா இந்த ஓரம், இருபது வருஷமா எனக்காக ஒரு தெருவைத் தாண்டாத மனுஷன், ஒரு நாயைக் கெஞ்சிக்கிட்டு நடுரோட்ல கண்ணைத் தொடச்சுக்கிட்டு நிக்கறீங்க. அன்னிக்கே போற நினைப்பு போயிடுச்சு. நாய் இருந்தாலும் போகல, இல்லைன்னாலும் போகல!"

"இதை ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"எப்படிய்யா சொல்வேன்? பேசினா கொஞ்சித்தான் பேசணும்னு சட்டம் போட்டாச்சு! அந்தக் குரல்ல உங்களைத் திட்டித் திட்டி, அதுல உண்மையைச் சொன்னா எனக்கே பொய் மாதிரி கேக்குது!"

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அழுகையும் சத்தமாகத்தான் இருந்தது. பிரஸ்காரர் எட்டி அவள் கையைப் பிடித்தார். அப்போதுதான் இருவருக்கும் ஒரு கர்புர் சத்தம் காதில் விழுந்தது. மெத்தையில் மேனேஜர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாயைப் பார்த்தாள், பொருளாளர் அம்மாவைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "கொஞ்சறதுன்னா சண்டைன்னு பழக்கி வச்சிருக்கோம்யா!"

செகரட்டரி மெல்ல சோபாவிலிருந்து இறங்கினார். நாயின் பக்கத்தில் போய் நின்றார். மூக்குக்கு நேராகக் குடையை ஆட்டினார். குறட்டை நிற்கவில்லை. காகிதத்தில் போட்ட கோட்டைப் பார்த்தார், அதன் மேலேயே 'செல்லாது' என்று எழுதினார்.

"நாய் இருக்கலாம்" என்றார். "உங்க ரெண்டு பேரைப் பத்தித்தான் அடுத்த கூட்டத்துல பேசணும்."

பொருளாளர் அம்மா கைப்பையைத் தட்டிவிட்டு, யாரும் இதுவரை கேட்டிராத ஒரு கரகரத்த சொந்தக் குரலில், "வாங்க சார் போலாம், அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன்" என்றார். மேனேஜர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், டீச்சர் சமையலறையில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பிரஸ்காரருக்கு நெஞ்சு முட்ட என்னென்னவோ இருந்தது. நிலையில் சாய்ந்துகொண்டு, இதையெல்லாம் மென்மையாகத்தானே சொல்லவேண்டும் என்று தொண்டையைத் தணித்து, "இங்க பாரும்மா..." என்று ஆரம்பித்தார். ஹாலில் குறட்டை நின்றது. லேசாக ஓர் உறுமல் கேட்டது.

அவசர அவசரமாக மெஷின் பக்கத்துக் குரலுக்கே மாறிக்கொண்டார்.

"நீ போயிடுவியோன்னு ரொம்ப பயந்துட்டேன்டி!"

"தெரியும்யா!" என்று அதைவிடப் பெரிதாகப் பதில் வந்தது. "பக்கத்துல வந்து கத்துங்க!"